காற்றை அணைக்கும் பொத்தான்

புதன்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை எனக்கு.
இரும்புக் கதவு மூன்று, கையெழுத்து இரண்டு,
கொண்டை ஊசிவரை கழற்றிக் கொடுத்தபின்
ஒரு கணினி.
அதில் ஒரே ஒரு முகவரி திறக்கும்,
மற்றதெல்லாம் பூட்டு.
எட்டு மாதம் மனுப் போட்டு வாங்கிய முகவரி:
வானம்.

உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம்
இடம் தேடி வந்து குடியேறிய பாலை இது.
ஆன்டோஃபகாஸ்தாவில் குடையோடு நடந்தால்
வெளியூர்க்காரி என்று கண்டுகொள்வார்கள்.
இந்த வானத்தின் அடியில்
மாலை ஐந்துக்கு எண்ணி அடைக்கப்படும்
பதினொரு பெண்கள் என் வகுப்பு.
ராத்திரி அவர்கள் சன்னலுக்கு வருவது
கோபுர விளக்கு மட்டும்.

முதல் நாள் திரை விரிந்ததும்
யாரும் மேலே பார்க்கவில்லை.
"இது எந்த ஊர்ப் புல்லு?"
மென்பொருள் எழுதியவர்கள் அடிவானத்தில்
பச்சைப்பசேலென்று ஒரு வெளியைப் போட்டு வைத்திருந்தார்கள்.
ஓரத்தில் மரங்கள்.
நான் தென்சிலுவையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்க
மார்லெனி மரங்களை எண்ணி முடித்தாள்.
அன்றைய வகுப்பு புல்லுக்கே போயிற்று.
நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம்
தரையை எடுக்கும் பொத்தானைக் காட்டினேன்.
ஒரு தட்டு.
புல் போயிற்று, மரம் போயிற்று,
காலுக்குக் கீழேயும் விண்மீன்.
எடெல்மிரா இரண்டு கால்களையும்
வெடுக்கென்று நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள்.
சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.
ஓருரோவிலிருந்து வந்தவள் அவள்,
எல்லையில், நடந்துகொண்டிருக்கும்போது பிடிபட்டவள்.
"அந்த ராத்திரியையும் இதில் கொண்டுவரலாமாமே?"
"வேண்டாம்" என்றாள்
கால்களை இறக்காமலே.
"அது எனக்கு மனப்பாடம்."

அப்புறம்தான் ஆளாளுக்குத் தேதி கேட்டார்கள்.
ஒருத்திக்குக் கல்யாண ராத்திரி,
ஒருத்திக்கு நிலநடுக்கம் வந்த விடியல்.
ஒருத்தி கேட்ட தேதியில்
என்ன நடந்தது என்று சொல்லவில்லை,
நிலா எங்கே இருந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு
உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை மூன்றாம் புதனன்று
ப்ரிசிலா ஆயாவிரே வாய் திறந்தாள்.
"ஜூலை பதினாலு. என் மகள் பிறந்த வருஷம்.
காலை பதினொன்று."
போட்டேன்.
வெறும் நீலம். நடுவே கண் கூசும் சூரியன்.
"அவ்வளவுதானா?"
இன்னொரு பொத்தான் இருந்தது.
காற்றை அணைப்பது.
நீலம் பூசுகிற வேலை அதனுடையது,
விண்மீன்கள் எங்கும் போவதில்லை என்று
எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான்.
தட்டினேன்.

பகல் கழன்று விழுந்தது.
சூரியன் கூட்டத்தில் ஒருவனாய் நின்றான்.
வடக்கே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே
வரிசை கலையாமல்
மூன்று மரியாக்கள்.
எங்கள் பக்கம் பேச்சு வரும் முன்னே
பிள்ளைகள் விரல் நீட்டும் மூன்று புள்ளி.

"அன்றைக்கு அங்கேயா இருந்தார்கள்?"
"இருந்தார்கள்."
"பதினொரு மணிக்கு?"
"ம்."
"மூன்று பேருமா?"
"மூன்று பேரும்தான்."
அவள் திரையைத் தொடப் போய் கையை இழுத்துக்கொண்டாள்.
"மருத்துவச்சிகூட
டீ குடிக்கப் போயிருந்தாள்" என்றாள்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது.
கூரையில்லாத நடையில் வரிசை.
சார்ஜென்ட் ட்ரொன்கோசோ எண்ணிக்கொண்டே வந்தவள்
ஏழாவதில் நின்றாள்.
ப்ரிசிலாவின் உள்ளங்கையில்
நீலப் பேனாவில் மூன்று புள்ளி.
"என்ன இது, பச்சை குத்தினாயா?"
"மூன்று மரியாக்கள், சார்ஜென்ட்."
"பட்டப்பகலில்?"
"அதோ,"
ப்ரிசிலா வடக்கே கை காட்டினாள்,
பிறகு யோசித்து
கையை ஒரு சாண் மேற்கே நகர்த்தினாள்.
"ஒரு மணி நேரம் ஆயிற்றே,
இந்நேரம் இங்கே வந்திருப்பார்கள்."

ட்ரொன்கோசோ
புருவத்துக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.
கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.
எண்ணிக்கை தவறிப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.